பிறந்த ஊரில் அறை எடுத்தேன்

1

போன வியாழக்கிழமை என் மகள் நித்யா ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அவளுக்கு வயது இருபத்து மூன்று, பெர்லினில் வேலை பார்க்கிறாள். சனி, ஞாயிறு ஹனோவர் வருகிறாளாம். ரயில் நிலையத்துக்கு எதிரே புதிதாகத் திறந்திருக்கும் ஹோட்டலில் அறை போட்டாகிவிட்டதாம். 'உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்மா. மத்தியானம் வெளியே எங்கயாவது மீட் பண்ணலாம்' என்று எழுதி, கூடவே ஒரு சிரிக்கும் மூஞ்சி.

ஹனோவரில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். அவள் பிறந்ததும் இங்கேதான். அவள் படுத்த கட்டில் இன்னும் அதே அறையில் அதே சுவரோரம் கிடக்கிறது. அதன் மேல் என் கணவர் ரகு மூன்று பெரிய அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார் என்பது உண்மைதான். பெட்டியை எடுத்தால் கட்டில். அதற்கு ஒரு ஹோட்டலா?

தாளிக்க வைத்த கடுகு கருகியதுகூடத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தேன். "பெத்த தாய் வீட்டுக்கு எட்டு நிமிஷ டிராம் தூரத்தில ரூம் போடுதா. இதெல்லாம் யாரு இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

ரகு செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "நீதான்" என்றார்.

திருச்சிக்காரர். அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான், ஒரு சொல்லில் ஆளைக் காலி செய்துவிடுவார்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்த வாரக்கடைசி வியாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் எல்லோரையும் ஒரே கேள்வி கேட்பார்கள்: இந்த வாரம் எங்கே? 'எங்கேயும் இல்லை, வீட்டில்தான்' என்று சொல்லிப் பாருங்கள். உடம்பு ஏதாவது சரியில்லையா என்பதுபோல் ஒரு பார்வை வரும். அந்தப் பார்வைக்குப் பயந்தே நாங்கள் ப்ரேமன், ஹாம்பர்க், லைப்சிக் என்று பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கிளம்ப ஆரம்பித்தோம். பிறகு ரகுவுக்கு அதுவே பிடித்துப்போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு ஹோட்டல். போனதும் தலையணையை அமுக்கிப் பார்ப்பார். பிறகு ஜன்னலைத் திறந்து மூடிப் பார்ப்பார். அவருக்குள் ஒரு மதிப்பெண் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த நாகரிக ஹோட்டல்களைக் கட்டுகிறவர்களிடம் எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் எதற்குக் கண்ணாடிச் சுவர்? விளக்கை அணைக்கும் சுவிட்சை எதற்கு ஒளித்து வைக்கிறீர்கள்? கல்யாணமாகி இத்தனை வருடத்துக்கு அப்புறமும் நான் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டுமா? வெந்நீர் போட ஒரு கெண்டி வைத்தால் குடியா முழுகிவிடும்?

பாஷை வேறு. ஜெர்மனிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. இத்தனை வருடம் ஆகியும் அவசரத்தில் எனக்கு அது மாறிவிடும். லைப்சிக்கில் ஹோட்டல் மேலாளரை 'நீ' என்று கூப்பிட்டு, அவர் காலடியில் படுத்திருந்த நாயிடம் 'நீங்கள் நலமா' என்று விசாரித்திருக்கிறேன். நாய்தான் பெருந்தன்மையாக வாலை ஆட்டியது.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஹோட்டலில் யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள். யாருக்கும் நான் காப்பி போட வேண்டாம். அந்தச் சுகத்துக்கு நானும் மெல்லப் பழகிவிட்டேன். அதில்தான் வினை.

3

இந்த ஜனவரியில் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தோம். நித்யாவுக்கு லீவு இல்லை. அதாவது, இருந்த லீவுக்கு அவள் போர்ச்சுகல் போகிறாள். பரிசாக எங்களுக்கு ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் அறை போட்டுக் கொடுத்தாள். எங்கே? அம்பாசமுத்திரம் தாண்டி, தாமிரபரணிக் கரையில். நான் பிறந்து வளர்ந்த விக்கிரமசிங்கபுரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம்.

"அம்மா, அந்த ஊர்ல நீ ஒருநாள்கூட சும்மா இருந்ததில்ல. வீடு வீடாப் போய் காப்பி குடிச்சிட்டு வர்ற. ரெண்டு நாள் டூரிஸ்ட்டா இரு. மாமா ஒண்ணும் சொல்லாது" என்றாள் தொலைபேசியில்.

மாமாவை 'சொல்லாது' ஆக்காதே, 'சொல்லமாட்டாங்க' என்று சொல் என்று திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. தவிர, மாமா ஒன்றும் சொல்லமாட்டார் என்பதுதான் என் பயமே.

என் அண்ணன் ஆவுடையப்பன் பஞ்சாலையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், அண்ணன் வீட்டில் தங்காமல் திருநெல்வேலி ஜங்ஷனில் லாட்ஜில் தங்கினான். அண்ணன் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் போனதில்லை. அவன் பேரைக்கூடச் சொல்வதில்லை. 'அந்த லாட்ஜ்காரன்' என்றுதான் சொல்வான்.

அப்பா அம்மா போனபிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அண்ணன் வீடு ஒன்றுதான். அந்தக் கதவு சாத்திவிட்டால் அப்புறம் ஊர் என்பது எனக்கு வரைபடத்தில் மட்டும்தான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் என்ன செய்தேன்? பொய் சொன்னேன். சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் இறங்குகிற டிக்கெட்டை வைத்துக்கொண்டு, "திங்கக்கிழமதான்ணே கிடைச்சுது" என்று கூசாமல் சொன்னேன். இரண்டு நாள் தூங்குவதற்காக. ஐம்பது வயதை நெருங்குகிற பெண் செய்கிற காரியமா இது?

4

ஹோட்டல் என்னவோ அழகுதான். பழைய ஜமீன் பங்களா ஒன்றை உடைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டிலுக்கு மேலே பத்தமடைப் பாய் ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தார்கள். தோட்டத்தில் நீலநிறத்தில் ஒரு நீச்சல் குளம். அதிலிருந்து ஐம்பது அடி தூரத்தில் ஆறு, மழைக்குப் பின்னால் நிறைந்து போய்க்கொண்டிருக்கிறது. ஆற்றுக்கு இறங்கும் கதவுக்குப் பூட்டு. கேட்டால் பாதுகாப்பாம். தாமிரபரணியைப் பார்த்துக்கொண்டே மருந்து வாடை அடிக்கும் தண்ணீரில் குளிக்க வேண்டும். இதற்கு ஒன்பது மணி நேர விமானப் பயணம்.

வரவேற்பில் சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள், பெயர் முத்துலட்சுமி. ராதாபுரம் பக்கமாம். எங்கள் ஜெர்மன் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"மேடம், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுன்னா தனி ஃபாரம் இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்தணும்."

"நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரிம்மா."

"தெரியுது மேடம், பேச்சிலயே தெரியுது. ஆனா கம்ப்யூட்டருக்குத் தெரியாதுல்லா."

ஜெர்மனியில் வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும். இந்தியா வர வேண்டுமானால் நான் இந்திய வம்சாவளிதான் என்பதற்கு ஓர் அட்டை. அந்த அட்டைக்கு அப்பாவின் பிறப்புச் சான்று. அப்பாவுக்கே தெரியாத பிறந்த தேதி எனக்கு எப்படித் தெரியும்? படிவம் நிரப்பியே தேய்ந்தவள் நான். அதனால் அவள் நீட்டிய தாளைத் தூக்கக் கலக்கத்திலும் மளமளவென்று நிரப்பினேன். எங்கிருந்து வருகிறீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள், வந்த நோக்கம் என்ன. கடைசியில் 'இந்தியாவில் தொடர்புக்கு'.

அந்த இடம் வந்தால் என் கை நின்று யோசிக்காது. விமானம், வங்கி, தூதரகம் என்று இத்தனை வருடத்தில் நூறு படிவமாவது எழுதியிருப்பேன். எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தில் ஆவுடையப்பன், அவன் தெருப்பெயர், அவன் செல்பேசி எண். என்னுடைய ஜெர்மன் எண்ணைக்கூடப் பார்த்துத்தான் சொல்வேன். அண்ணனின் எண் விரலிலேயே இருக்கிறது.

எழுதிக் கொடுத்துவிட்டு, கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையைத் தொங்கவிட்டு, படுத்துத் தூங்கிவிட்டேன். எந்த அண்ணனிடமிருந்து ஒளிந்துகொள்ள வந்தேனோ அந்த அண்ணனின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்கினேன். என்னை என்ன சொல்ல?

5

நான் பின்கோடு எழுத மறந்திருக்கிறேன். பின்கோடு இல்லாமல் கம்ப்யூட்டர் நகராது என்று அடம்பிடித்திருக்கிறது. தொந்தரவு செய்யாதே என்று அட்டை தொங்கும் கதவைத் தட்டக்கூடாது என்பது முத்துலட்சுமிக்குக் கொடுத்த பயிற்சி. படிவத்தில் ஓர் எண் இருக்கிறது. பாவம், அவள் என்ன செய்வாள்? போன் போட்டுக் கேட்டுவிட்டாள்.

மத்தியானம் ஒன்றரைக்கு அறையில் தொலைபேசி அடித்தது. "மேடம், உங்களப் பாக்க ஒருத்தங்க வந்திருக்காங்க."

ரகுவையும் எழுப்பிக்கொண்டு கீழே வந்தேன். முதுகு சாய்க்க முடியாத ஒரு நாகரிக நாற்காலியின் நுனியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, வேட்டி. மடியில் நாலடுக்கு டிபன் கேரியர்.

"எப்பண்ணே வந்த?" என்று கேட்டேன்.

"நீ எப்ப வந்தன்னு நான் கேக்கல, பாத்தியா" என்றான்.

முத்துலட்சுமி மெதுவாக என் பக்கத்தில் வந்து, "யாருன்னு சொல்லணும் சார்னு கேட்டேன் மேடம். 'அந்தப் பாரத்துல ஒரு நம்பர் எழுதிருக்கால்லா, அந்த நம்பர் நான்தான் தாயி'ன்னு சொன்னாங்க" என்றாள். அவள் முகத்தில் தான் ஏதோ தப்பு செய்துவிட்ட கலவரம். தப்பு செய்தவள் எதிரில்தான் நிற்கிறாள் என்று எப்படிச் சொல்வேன்?

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லையாம்.

"இது சாப்பாடு இல்லய்யா, சொதி" என்றான் அண்ணன், கோபமே இல்லாமல். "கல்யாணத்துக்கு மறுநா மாப்ளைக்குப் பொண்ணு வீட்ல போடுததுல்லா, அது. இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்ன இவுகளுக்கு எங்க வீட்ல வச்சுப் போட்டோம். இன்னைக்கு அதே தேதி. திங்கக்கிழம வருவாக, அன்னைக்குப் போடுவோம்னு இருந்தோம். இன்னைக்கே வந்துட்டாகன்னு தெரிஞ்சுது. அதான், எங்க இருக்காகளோ அங்கன கொண்டாந்துட்டேன்."

மேலாளரும் இந்தப் பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது. தோட்டத்து ஓரம் இருந்த மேஜையைக் காட்டினார். அண்ணனே கேரியரைப் பிரித்து வைத்தான். தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், சோறு. போன் வந்த மூன்று மணி நேரத்துக்குள் அண்ணன் மனைவி, என் மதினி, இத்தனையும் செய்து அனுப்பியிருக்கிறாள். காலையில் அறையில் கிடந்த உணவுப் பட்டியலில் இதே சொதியைப் படத்தோடு பார்த்திருந்தேன். ஏதோ ஆங்கிலப் பெயர் போட்டு, காதுக்கு மருந்து விடும் அளவுக்கு ஒரு கிண்ணியில் தருகிறார்கள்.

ரகு குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "நீயும் சாப்பிடுண்ணே" என்றேன்.

"எனக்கு வீட்ல இருக்கு" என்றான்.

"இப்பவே ரூமக் காலி பண்ணிட்டு வந்திருதோம்ணே."

"வேண்டாம், வேண்டாம். பிள்ள ஆசையா ரூம் போட்டுக் குடுத்திருக்கா, வீணாக்கக் கூடாது. திங்கக்கிழமன்னுதான சொன்னிய? அன்னைக்கே வாங்க."

'வாங்க' என்றான். ரகுவிடம் அல்ல, என்னிடம். பிறந்ததிலிருந்து என்னை வா, போ என்று பேசியவன். கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு, பைய நடந்து போய் மொபெட்டில் ஏறினான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரகு அந்த நீலக் குளத்தில் தனியாக நீந்திக்கொண்டிருந்தார். நான் பூட்டிய கதவுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்க வந்தவள் ஒரு பொட்டுத் தூங்கவில்லை.

6

திங்கட்கிழமை போனோம். வாசலில் அண்ணனும் மதினியும் நின்று கும்பிட்டார்கள். "வாங்க, பிரயாணம்லாம் சௌரியமா இருந்துதா?"

மதினி செண்பகவல்லி என்னைக் கல்யாணத்துக்கு முன்பு தலைவாரிப் பின்னி வளர்த்தவள். இப்போது தட்டில் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மாடி அறையில் புதிதாக ஏசி மாட்டியிருந்தார்கள். கட்டிலில் பிரிக்காத சோப்பு, சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில். சுருட்டி வைத்த இரண்டு வெள்ளைத் துண்டு, ஹோட்டலில் வைப்பார்களே, அதேபோல. எங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள் என்று தெரியவில்லை.

"காலையில எத்தன மணிக்குச் சாப்பிடுதிய? இட்லியா, பூரியா?" என்று கேட்டாள். நான் அடுக்களைக்குள் போனால், "அய்யே, நீங்க ஏன் இங்கன வாரிய? போய் ரெஸ்ட் எடுங்க" என்று தோளைத் தொட்டு வெளியே அனுப்பினாள். காப்பி குடித்த டம்ளரைக் கழுவப் போனால் கையிலிருந்து வாங்கிவிடுவாள். சிரித்த முகம் மாறவே இல்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது.

திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் அழுது, அவர்களும் அழுது, அன்றோடு முடிந்திருக்கும். நான் கேட்ட ஹோட்டலையே எனக்குத் தந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் அண்ணன் முன்னால் போய், "மன்னிச்சிருண்ணே" என்றேன்.

"என்னத்துக்கு? நல்ல ஹோட்டலுதான். நாற்காலிதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தான்.

உள்ளுக்குள் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. லாட்ஜ்காரன் வரிசையில் என்னையும் உட்கார வைத்துவிட்டான். அவனுக்காவது கோபம் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது உபசாரம்.

நாலாம் நாள் காலை. சுருட்டிய வெள்ளைத் துண்டைப் பார்த்தேன், எடுக்கவில்லை. பின்கட்டில் கொடியில் கிடந்த அண்ணனின் பழைய கட்டம்போட்ட துண்டை உருவிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஆற்றுக்குப் போனேன். பூட்டு இல்லாத படித்துறை. தண்ணீர் அந்தக் குளிரில் எலும்பைப் பிடித்தது. ஒரு மணி நேரம் கிடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து, புடவை மாற்றி, ஈரத்துண்டைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் கண்ணாடிமுன் நின்று தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே போட்டாயா என்று ரகு இன்றைக்கும் கேட்கிறார். இல்லை. அந்த வீட்டில் பதினைந்து வயதில் போட்ட கை, தானாகப் போட்டது.

காப்பித் தட்டோடு வந்த மதினி கட்டிலைப் பார்த்தாள். தட்டு மேஜையில் டங்கென்று உட்கார்ந்தது.

"ஏட்டி கோமு! ஈரத்துண்ட மெத்தையில போடாத, போடாதன்னு எத்தன வருசமாச் சொல்லுதேன்! செர்மனியில போயி இதத்தான் படிச்சியா? புது மெத்தட்டி! எடு, எடுத்துக் கொடியில போடு. போட்டுட்டு வந்து அந்தத் தேங்காயத் துருவு. மூணு நாளா ஒத்தையில நின்னு சாவுதேன், மகாராணி மாடியில இருக்கா!"

கீழேயிருந்து அண்ணன் குரல் கேட்டது. "என்னட்டி அங்கன சத்தம்?"

மதினி மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு மாடிப்படியில் குனிந்து சொன்னாள். "ஒண்ணுமில்ல. ஒங்க தங்கச்சி வந்துட்டா."

துருவிய தேங்காயில் பாதி என் கண்ணீர்தான். மதினி அதையும் சொல்லிக்காட்டினாள்.

7

இந்தக் கதையெல்லாம் ரகுவின் 'நீதான்' என்ற ஒரு சொல்லுக்குள் இருந்தது. ஆகவே நித்யாவுக்குக் கோபமாக எழுதிய நான்கு வரியை அழித்துவிட்டேன். 'சரி' என்று மட்டும் அனுப்பினேன். அதன்பிறகுதான் செல்பேசியில் இன்னொரு செய்தி கிடந்ததைக் கவனித்தேன். அந்த ஹோட்டல் அனுப்பியது. 'அன்புள்ள விருந்தினரே, உங்கள் அறை சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து தயார்' என்று ஜெர்மனில் இருந்தது. எனக்கு எதற்கு என்று விழித்தேன். அவள் படிவத்தில் என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். பெர்லினில் சொந்தமாகச் சம்பாதிக்கிறவள், தனக்கென்று எண் உள்ளவள், கை பழகிய எண்ணை எழுதிவிட்டாள்.

சனிக்கிழமை காலை இட்லி ஊற்றினேன். மிளகாய்ப்பொடி தடவி, டப்பாவில் அடைத்தேன். நான் கிளம்பும்போது ரகு அந்த மூன்று அட்டைப்பெட்டிகளையும் முனகிக்கொண்டே கட்டிலிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

ஹோட்டலில் கறுப்புச் சுவர், கறுப்புத் தரை, கறுப்புச் சட்டை போட்ட ஓர் இளைஞன். முதுகு சாய்க்க முடியாத அதே நாற்காலி. நான் யாரென்று சொல்ல வேண்டும் என்று கேட்டான். "உங்கள் படிவத்தில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். அந்த எண் நான்தான்" என்றேன், ஒரு நீ, நீங்கள் தப்பில்லாமல். அவன் திரையைப் பார்த்தான், அறைக்குப் போன் போட்டான். மூன்றாம் மாடி என்றான்.

கதவைத் திறந்த நித்யா தலையில் ஈரத்தோடு நின்றாள். "அம்மா! இங்கயே ப்ரேக்ஃபாஸ்ட் இருக்கும்மா" என்று சலித்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வெள்ளை மெத்தையின் நட்டநடுவில் ஈரத்துண்டு.

அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"ஏட்டி! ஈரத்துண்ட மெத்தையில போடாதன்னு எத்தன தடவ சொல்லுதது? எடு முதல்ல!"

"இது ஹோட்டல்மா. அவங்களே எடுத்துப்பாங்க."

"எவங்க எடுத்தா என்ன? நீ எடுட்டி."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் போய்க் கம்பியில் போட்டாள். திரும்பி வந்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, கையாலேயே மூன்று இட்லி சாப்பிட்டாள். விரலில் ஒட்டியிருந்த பொடியை நக்கிக்கொண்டே கேட்டாள்.

"மத்தியானம் வீட்ல என்னம்மா?"